அடையாற்றுக் கழியோரம்

பூங்கா என்று பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதை நம்பி, ரோஜாப் பாத்திகளையும், வண்ண விளக்கொளியில் துள்ளும் நீரூற்றையும், மட்டமாக வெட்டிவிட்ட புல்தரையையும் மனத்தில் எண்ணிக்கொண்டு வருகிறவர்கள், சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள தொல்காப்பியப் பூங்காவில் சற்று தூரம் நடப்பதற்குள்ளாகவே முகம் சுளிப்பதுண்டு. மரங்கள் பல வரிசையில் நிற்பதில்லை. நீர் கிடக்கும் இடங்களில் கரை சேறாக இருக்கிறது. செடிகளின் இலைகளைப் புழு அரித்துத் துளைத்திருக்கிறது. காற்று திசைமாறும் சமயங்களில் கழியின் உப்பு வாடை மூக்கில் ஏறுகிறது. இவ்வளவும் பராமரிப்புக் குறைவினால் நேர்ந்தவை என்று வந்தவர் முடிவு கட்டிவிடுகிறார். வாடையைத் தவிர மற்றவையெல்லாம் பலர் கூடி யோசித்து, பொருள் செலவழித்து, வேண்டுமென்றே உண்டாக்கியவை என்று சொன்னால் அவர் நம்புவது கஷ்டம். கொக்குக்கும் நண்டுக்கும் கம்பளிப்புழுவுக்கும் வாசஸ்தலம் அமைக்க முற்பட்ட ஓர் இடத்தில் மனிதன் விருந்தாளி. விருந்தாளியின் சௌகரியத்தை உத்தேசித்து வீட்டுக்காரரின் சௌகரியத்தைக் குறைக்க முடியாது.

அந்த இடத்தின் அமைப்பை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரையும், அதன் சுற்றுப்புறத்து ஏரிகள் பலவற்றின் வடிகால்களையும் சேர்த்துக்கொண்டு கிழக்கே வரும் அடையாறு, பட்டினப்பாக்கத்துக்கும் பிரம்மஞான சபையின் தோப்புக்கும் இடையே வங்காள விரிகுடாவில் கலக்கிறது. கலப்பதற்குச் சற்று முன்பாக அதன் வடகரையிலிருந்து ஒரு கழி பிரிந்து, குவிபில் தீவு என்று இன்றும் வழங்கும் மேட்டு நிலத்தைச் சுற்றி வளைந்து, சாந்தோம் பக்கமாக உள்ளே ஏறுகிறது. 1746-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பிரெஞ்சுக்காரரின் சிறுபடை ஒன்று ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை ஆற்றைக் கடந்து தாக்கி விரட்டிய யுத்தம் இந்தப் பக்கத்திலேதான் நடந்தது. சரித்திரப் புத்தகங்கள் அந்த யுத்தத்தை மறக்கவில்லை. அந்தச் சேற்றில் அன்றைக்கு மேய்ந்துகொண்டிருந்த உள்ளான்களைப் பற்றி எழுதத்தான் ஆளில்லாமல் போயிற்று.

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. நாளொன்றுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. சென்னைக் கரையில் அந்த ஏற்ற இறக்கம் அமாவாசை, பௌர்ணமிக் காலங்களிலும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவே. ஆனால் சரிவே இல்லாத சேற்று வெளியில் அந்த ஒரு மீட்டர் நீர் ஏறினால் ஏக்கர் கணக்கான நிலம் முழுகுகிறது, இறங்கினால் அத்தனையும் வெளியே தெரிகிறது. இப்படி முழுகியும் வெளிப்பட்டும் வரும் சேற்றில், உப்பையும் நன்னீரையும் மாறி மாறித் தாங்கக்கூடிய புழுக்களும் சிப்பிகளும் இறாலும் மடவைக் குஞ்சுகளும் பெருகுகின்றன. அவற்றைத் தின்னப் பறவைகள் வருகின்றன. கண்ணுக்கு அழகில்லாத சேறே இவ்வளவு ஜீவராசிகளுக்கும் மூலதனம் என்பதை ஒப்புக்கொள்ளாமல் இந்தப் பூங்காவைப் புரிந்துகொள்ள முடியாது.

நகரம் அதை வெகுகாலம் ஒப்புக்கொள்ளவில்லை. பட்டணம் தெற்கே வளர வளர, கழியின் மேல்முனை இடிந்த கட்டடங்களின் செங்கல்லையும் காரையையும் கொட்டுவதற்கு ஏற்ற பள்ளமாகக் கருதப்பட்டது. வீடுகளின் கழிவு நீரும் அதிலே போய்ச் சேர்ந்தது. மேடான இடத்தில் சீமைக்கருவேல் முளைத்து மண்டியது. மிஞ்சியிருந்த நிலத்திலும் கட்டடங்கள் எழும் என்ற நிலை வந்தபோது, 1990-களில் பொதுநலத்தை முன்னிட்டுச் சிலர் நீதிமன்றத்தை நாடினார்கள். வழக்கும் வாதமுமாகச் சென்ற அந்த ஆண்டுகளின் விளைவாக, கழியும் முகத்துவாரமும் சேர்ந்த ஏறக்குறைய 358 ஏக்கரில், முதல் பகுதியாக 58 ஏக்கரைச் சீர்திருத்தி இயற்கைக் கல்விக்கான பூங்காவாக்கும் பணியை அரசு மேற்கொண்டது. அதற்கென்று அடையாறு பூங்கா அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. பின்னர் அதுவே சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று பெயரும் பொறுப்பும் விரிந்தது. ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் காட்டின் அனுபவஸ்தர்கள் திட்டத்துக்கு வழிகாட்டினார்கள். சில ஆண்டு வேலைக்குப் பின், 2011 ஜனவரியில் அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி அதைத் திறந்து வைத்தார்.

சதுப்பைத் திரும்ப உண்டாக்குவது என்றால் செடி நடுவது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நடுவது கடைசி வேலை. முதலில் அள்ளி வெளியேற்ற வேண்டும். லாரி லாரியாக வந்து சேர்ந்த இடிபாடுகளை லாரி லாரியாகவே திருப்பி அனுப்பிய பிறகுதான் பழைய தரைமட்டம் எங்கே இருந்தது என்பதே தெரியவரும். பிறகு குளங்களைத் தோண்டி, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, கழியிலிருந்து ஓதநீர் உள்ளே ஏறவும் மழைநீர் வெளியே வடியவும் வழி செய்ய வேண்டும். இதிலே சாண் கணக்கும் முக்கியம். நிலம் ஒரு சாண் உயர்ந்துவிட்டால் உப்புநீர் ஏறாது. ஏறாத இடத்தில் கண்டல் பிழைக்காது. ஒரு சாண் தாழ்ந்துவிட்டால் நீர் வடியாது. வடியாத சேற்றில் சிறு உள்ளான்கள் கால் ஊன்றி மேய முடியாது. ஆழமான மடு நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும் வேண்டும். முழங்காலளவு நீர் நாரைக்கு வேண்டும். விரல் நனையும் நீர் உப்புக்கொத்திக்கு வேண்டும். ஆகவே குளத்தின் கரையைச் செங்குத்தாக வெட்டிக் கல் பாவுகிற நம் பொதுப்பணி வழக்கம் இங்கே உதவாது. கரை மெல்லச் சரிந்து, நீர் எங்கே முடிகிறது நிலம் எங்கே தொடங்குகிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும். ஊர் ஏரிகளை அழகுபடுத்துகிறோம் என்று சுற்றிலும் கற்சுவர் எழுப்பி நடைபாதை போடுகிறவர்கள் ஒருமுறை இங்கு வந்து, எந்தக் கரையில் எத்தனை பறவை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போனால் ஊருக்கு உபகாரமாக இருக்கும்.

கழியோரத்தில் நட்ட கண்டல் மரங்களைப் பார்க்கும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, தரையில் ஆணி அடித்தாற்போல் ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிகள் என்ன என்பதே. அவை வெண்கண்டலின் மூச்சு வேர்கள். நீர் தேங்கிய சேற்றுக்குள் காற்று புகுவதில்லை. வேரும் சுவாசித்தாக வேண்டும். ஆகையால் மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் வேர்களிலிருந்து இந்தக் கிளைகள் மேல்நோக்கி எழுந்து, கடல் இறங்கியிருக்கும் நேரத்தில் காற்றை உட்கொள்கின்றன. உறிஞ்சிய நீரோடு வந்த உப்பை அதன் இலைகள் வெளியேற்றிவிடுகின்றன. உலர்ந்த காலையில் இலையைத் தொட்டு நாவில் வைத்தால் கரிக்கும். சுரபுன்னையின் சாமர்த்தியம் வேறு விதம். அதன் விதை மரத்திலிருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கி, பிறகு கழன்று விழுகிறது. சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே வேர்விடும், நீரில் விழுந்தால் மிதந்துபோய் வேறொரு கரையில் ஒதுங்கி வேர்விடும். கண்டல் காட்டைப் பார்க்கப் பிச்சாவரம் வரை போக முடியாத சென்னைப் பிள்ளைகளுக்கு, இந்தச் சிறு தோப்பு ஒரு பாடப்புத்தகத்தின் வேலையைச் செய்கிறது.

சற்று மேடான நிலத்தில் நட்டிருக்கும் காட்டைப் பற்றி அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம்மவர்களில் பலர் அதைக் காடு என்றே அறியமாட்டார்கள். சோழமண்டலக் கரையை ஒட்டி ஒரு குறுகிய பட்டையில் வளர்வது உலர் பசுமைமாறாக் காடு. மழை ஆண்டில் சில மாதங்களே பெய்யும். மற்ற மாதங்களில் வெயில் காயும். அப்படியிருந்தும் இந்தக் காட்டு மரங்கள் இலையுதிர்க்காமல் கரும்பச்சையாகவே நிற்கின்றன. இலைகள் சிறியவை, தடித்தவை, தோல்போன்றவை. நீரை எளிதில் இழப்பதில்லை. உலக்கைப்பாலை, வீரை, காயா, வக்கணை, நாவல் முதலிய இவை எதுவும் வானளாவ வளர்வதில்லை. கொடிகள் பின்னி, முட்கள் அடர்ந்து, ஆள் நுழைய முடியாத குட்டைக் காடாகவே நிற்கும். விறகுக்கும் வயலுக்கும் வீட்டுமனைக்குமாக வெட்டுண்டு போன இந்தக் காட்டின் துண்டுகள், ஐயனாருக்கும் அம்மனுக்கும் அஞ்சி மக்கள் கைவைக்காத கோயில்காடுகளில் பெரும்பாலும் தப்பியிருக்கின்றன. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு அவற்றுள் பிரசித்தமானது. பூங்காக்களுக்கு மரம் விற்கும் நாற்றங்கால்களில் வீரைக் கன்றையும் காயாக் கன்றையும் தேடிப் பயனில்லை. கேட்டால் கடைக்காரர் குல்மொகரைக் காட்டுவார். இத்தகைய கோயில்காடுகளில் விதை பொறுக்கி, ஒவ்வொரு ஜாதியும் எப்படி முளைக்கும் என்று பொறுமையாகச் சோதித்து, கன்று வளர்த்து நட்டவர்கள் ஆரோவில் பக்கத்துக் காட்டுக்காரர்கள். செம்மண் பொட்டலாகக் கிடந்த மேட்டை 1968-க்குப் பிறகு காடாக்கிய அனுபவம் அவர்களுக்கு இதில் கைகொடுத்தது.

இந்த மரங்கள் மெதுவாக வளர்பவை என்பது உண்மைதான். ஐந்து வருஷத்தில் நிழல் வேண்டும் என்று கேட்கும் நகரசபைக்கு இவை திருப்தி தரமாட்டா. ஆனால் 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கி, தெருவோர மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து கிடந்தபோது, விழுந்தவற்றில் விரைவில் வளரும் அயல்நாட்டு நிழல் மரங்கள் மிகுந்திருந்ததை ஊரே பார்த்தது. குட்டையாக நின்று ஆழ வேரோடும் மரம் எந்தக் கரைக்கு ஏற்பட்டதோ அந்தக் கரையின் காற்றை அறிந்தே வளர்ந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சீமைக்கருவேல் விஷயத்திலும் எனக்கு அபிப்பிராயம் உண்டு. அதை ஒரேயடியாக அசுரனாகச் சித்திரிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஏழைகளின் அடுப்பு பல காலம் அதனால்தான் எரிந்தது. எனினும் சதுப்பு நிலத்தின் கரையில் அதை விட்டுவைத்தால் வேறொன்றும் அங்கே தலையெடுக்காது என்பதால், இந்தமாதிரி இடங்களில் அதைப் பிடுங்கியே ஆக வேண்டும். ஒருமுறை பிடுங்கினால் போதாது, வருஷந்தோறும் பிடுங்க வேண்டும்.

இலையைப் புழு தின்றிருப்பதைப் பற்றி முதலிலே குறிப்பிட்டேன். பட்டாம்பூச்சி என்று நம் பிள்ளைகள் அழைக்கும் வண்ணத்துப்பூச்சி, கண்ட செடியில் முட்டையிடுவதில்லை. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் ஜாதி ஒன்று. எருக்கில் இடுவது ஒன்று. ஆடுதீண்டாப்பாளையையும் அதன் இனத்துக் கொடிகளையும் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பாராத கருஞ்சிவப்பு உடலழகி ஒன்று. ஆடும் தீண்டாத அந்தக் கொடியின் நச்சைப் புழு தின்று தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. பூச்சியான பின்பும் அந்த நச்சு அதைக் காப்பாற்றுகிறது. ஒருமுறை தின்ற பறவை மறுமுறை அந்தச் சிவப்பைக் கண்டால் ஒதுங்கிவிடும். ஆகவே வண்ணத்துப்பூச்சிக்குத் தோட்டம் அமைக்கிறவர் தேன் சுரக்கும் பூச்செடியை மட்டும் வைத்தால், வழிப்போக்கருக்குச் சோறிட்டவராவாரே ஒழிய, குடும்பத்தைக் குடியேற்றியவராகமாட்டார். இங்கே எருக்கையும் ஆடுதீண்டாப்பாளையையும் களையென்று பிடுங்காமல் விட்டிருப்பதன் ரகசியம் இதுதான்.

இனி பருவங்களைப் பற்றி. ஆங்கிலப் பாடப்புத்தகங்களின் வசந்தத்தையும் இலையுதிர்காலத்தையும் வைத்துக்கொண்டு சோழமண்டலக் கரையில் ஒரு இயற்கை நிலையத்தை நடத்த முடியாது. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. வருஷம் பிறப்பது சித்திரையில் என்று பஞ்சாங்கம் சொன்னாலும், கழியோரத்து ஜீவராசிகளுக்கு ஐப்பசியில்தான் புதுவருஷம்.

முதல் கனமழை பெய்த இரவில் அதைக் காதாலேயே அறியலாம். கோடை முழுவதும் மண்ணுக்குள் ஒடுங்கியிருந்த தவளைகள் ஒரே இரவில் வெளிப்பட்டு, புதுநீர் தேங்கிய பள்ளங்களை முற்றுகையிட்டுக் கத்துகின்றன. எருதுத் தவளை என்று சொல்லும் பெரிய ஜாதியில் ஆண்கள் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் மஞ்சள் பூசிக்கொண்டது போல் பளீரென்று நிறம் மாறி, கழுத்தின் இரு பக்கமும் நீலப் பைகளை ஊதிக்கொண்டு பெண்களை அழைக்கும். மழையோடு தட்டான்களும் பெருகுகின்றன. தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பது ஊர் நம்பிக்கை. தட்டான்களில் ஒரு ஜாதி, இந்தியாவிலிருந்து மாலத்தீவுகள் வழியாக இந்துமாக்கடலைக் கடந்து ஆப்பிரிக்காக் கரை வரை செல்கிறது என்று பூச்சியியலார் கருதுகிறார்கள் என்பதைக் கேட்டால், நூல்கட்டி அதைப் பறக்கவிட்ட பால்யத்தை நினைத்துச் சிறிது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதே அக்டோபரில் சென்னை வீட்டுத் தோட்டங்களிலும் மொட்டை மாடிகளிலும் பச்சையும் நீலமும் இளஞ்சிவப்புமாக ஒரு சிறு பறவை களைத்து விழுந்து கிடப்பதைச் சிலர் கண்டிருக்கலாம். ஆறுமணிக் குருவி அது. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்கு அது குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். இமயமலையின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து தெற்கே வருகிறபோது நகரத்து விளக்குகளிலும் கண்ணாடி ஜன்னல்களிலும் மயங்கி மோதிக்கொள்கிறது. அப்படிக் கண்டால் ஒரு அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல், சில மணி நேரம் தொந்தரவில்லாமல் விட்டால் பெரும்பாலும் தேறிவிடும். பிறகு புதரடர்ந்த இடத்தில் விட்டுவிடலாம். உலர்ந்த சருகைக் கிளறி இரைதேடும் பறவையாகையால், சருகைப் பெருக்கிக் கொளுத்தாத தோட்டங்களில் மட்டுமே அது தங்கும்.

மார்கழியும் தையும் பறவை பார்ப்பவர்களின் காலம். மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் தெற்கே இறங்கும் உள்ளான்கள் ஆகஸ்டு மாதத்திலிருந்தே வரத் தொடங்கிவிடுகின்றன; பின்னர் தகைவிலான்களும், பழுப்புக் கீச்சானும், நீலவால் பஞ்சுருட்டானும், நாணலுக்குள் ஒளிந்துகொண்டு ‘டக், டக்’ என்று சத்தம் மட்டும் காட்டும் கதிர்க்குருவிகளும் வந்து சேர்கின்றன. ஜனவரி மாதத்தில் ஆசிய நாடுகள் பலவற்றிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறை நாட்களில் தனியே ஒரு கணக்கெடுப்பு நடத்திவருகிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் கால்மணி நேரம் நின்று, கண்ட பறவைகளை எழுதியனுப்பினாலும் அதில் சேரும். மாட்டுக்குப் பொங்கலிடும் நாளில் பறவைக்கும் ஒரு கால்மணி கொடுப்பது நம் சம்பிரதாயத்துக்குப் பொருந்தியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

உள்ளூர்ப் பறவைகளில் நத்தைகுத்தி நாரையைச் சாவகாசமாகப் பார்க்க வேண்டும். அதன் அலகு மூடியிருக்கும்போதும் நடுவிலே ஒரு சந்து தெரியும். நத்தையை அந்தச் சந்தில் வைத்துப் பாக்குவெட்டியால் பிளப்பதுபோல் பிளக்கிறது என்று முன்பு நினைத்தார்கள். கூர்ந்து கவனித்தவர்கள் கண்டது வேறு. கீழலகின் கூர்நுனியை ஓட்டுக்குள் செருகி, நத்தையை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவியெடுக்கிறது. ஓடு பெரும்பாலும் உடையாமலே கரையில் கிடக்கிறது. குளத்தோரத்தில் முழு ஓடுகளாகக் குவிந்து கிடந்தால் அங்கே இந்த நாரையின் சமையற்கட்டு இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

தை பிறந்ததும் வேறொரு ஜீவன் கரைக்கு வருகிறது. அதைப் பார்க்கப் பூங்காவிலிருந்து வெளியே வந்து, ஆற்றைக் கடந்து, தெற்கேயுள்ள கடற்கரைக்குப் போக வேண்டும். ஒலிவ நிறமுள்ள சிற்றாமை என்னும் கடலாமை ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவு நேரங்களில் கரையேறி, மணலைத் தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. தாய் திரும்பிப் பார்ப்பதில்லை. நாய்களும் மனிதரும் முட்டைகளை எடுத்துவிடுகிறார்கள்; தப்பிப் பொரிந்த குஞ்சுகளோ, நட்சத்திர ஒளியில் மினுங்கும் கடலை நோக்கி ஓடவேண்டியவை, கடலைவிடப் பிரகாசமான தெரு விளக்குகளை நோக்கி ஓடி மடிகின்றன. 1970-களிலேயே சென்னையில் சிலர் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காத்தார்கள். 1988-இல் கல்லூரி மாணவர்கள் இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கி, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் மணலில் இரவுதோறும் நடந்து வருகிறார்கள். கண்ட முட்டைகளைச் சில மணி நேரத்துக்குள் எடுத்துப் பொரிப்பகத்து மணலில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும்; தாமதித்தால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டுவிடும், அதன்பின் புரட்டினால் இறந்துவிடும். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் வெளிவருகின்றன. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு நிர்ணயிக்கிறது. சூடு மிகுந்தால் பெண். பூமியின் உஷ்ணம் ஏறிவரும் நாளில் இது சாதாரண விஷயமல்ல. இழுவலைகளில் சிக்கி மூச்சுத் திணறி இறந்த பெரிய ஆமைகள் ஜனவரியில் கரையொதுங்குவதையும் இந்த நடைகளில் பார்க்க நேரும். 2025-இல் அது சகிக்க முடியாத அளவுக்குப் போயிற்று. ஆமை முட்டையிடும் மாதங்களில் கரையோரத்தில் இழுவலைப் படகுகளுக்குத் தடை இருக்கிறது; தடை ஏட்டில் இருப்பது போதாது.

கோடையில் பூங்காவுக்கு வருகிறவர்கள் குறைவு. எனக்கு அதுவே பிடித்த காலம். நீர் வற்றி வற்றி, சேற்றுத் திட்டுகள் வெளித்தெரியும். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெருத்த சிறு நண்டுகள், ஆண் நண்டுகள்தாம், வளைக்கு வெளியே நின்று அந்தக் கொடுக்கை ஆட்டி ஆட்டிப் பெண்ணை அழைத்துக்கொண்டிருக்கும்; சாப்பிடுவதற்குச் சிறிய கொடுக்குதான் உதவும், ஆகையால் பெண் நண்டு இரண்டு கையாலும் உண்ணும் நேரத்தில் ஆண் ஒரு கையால் உண்கிறது. மடையான் மழுங்கிய பழுப்பு நிறத்தை விட்டு, முதுகிலே கருஞ்சிவப்பு அணிந்து நிற்கும். குயில் காக்கைக் கூட்டைத் தேடி அலையும். நாவலும் காயாவும் பழுக்கும் மாதங்களும் இவையே. பழுத்து விழுந்ததும் பொறுக்கிக் கழுவி நாற்றங்காலில் விதைத்தால்தான் ஐப்பசி மழையின் பயன் கன்றுக்குக் கிடைக்கும்.

ஐம்பத்தெட்டு ஏக்கரைச் சீர்திருத்தினால் ஆறு சீர்பட்டுவிடுமா என்று கேட்பார் உண்டு. படாது. மேலேயிருந்து கழிவுநீர் வந்துகொண்டே இருக்கிறது. தவிர, கடலலைகள் கரையோரமாகக் கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தில் சேர்ந்து, ஆற்றில் நீரோட்டம் இல்லாத மாதங்களில் வாயை அடைத்துவிடுகிறது. அடைத்தால் ஓதம் ஏறுவதும் நிற்கும், கழியின் நீர் கெட்டுத் தேங்கும். யந்திரங்களைக் கொண்டு மணலை அவ்வப்போது வெட்டிவிடுகிறார்கள். அலை அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு தன் பழைய அகலத்தை ஊருக்கு ஞாபகப்படுத்தியபோது, நீரை வாங்கிக்கொள்ளும் தாழ்நிலம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்ற கேள்வியும் எழுந்தது. சென்னையின் தெற்கேயுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. பட்டியலில் சேராத சிறு கழிகளும் ஏரிக்கரைகளும் அதைவிட அதிகம். பூங்காவினால் ஆகக்கூடிய காரியம், அப்படிப்பட்ட இடத்தைக் கண்டால் குப்பை கொட்டுமிடம் என்று நினைக்காத ஒரு தலைமுறையை உண்டாக்குவது; அதையாவது செய்கிறதா என்பதை இன்னும் பல வருஷங்கள் கழித்துத்தான் சொல்ல முடியும்.

பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தவுடன் போவதைவிட நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது உத்தமம். காலை வெயில் ஏறுமுன் போக வேண்டும். வெள்ளைச் சட்டைச் சீருடையில் நாற்பது பேர் வரிசையாக வந்தால் எந்தப் பறவையும் இருக்காது. மங்கிய நிறத்து உடையும் பத்துப் பேருக்கு மேற்படாத கூட்டமும் நல்லது. எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டும் என்று பாதை முழுவதும் ஓட்டிச் செல்லாமல், ஒரு குளக்கரையில் அரைமணி நேரம் உட்காரவைத்து, கண்டதை எழுதச் சொல்லலாம். பறவையின் பெயர் தெரியாவிட்டால் பாதகமில்லை, காலின் நிறமும் அலகின் வளைவும் போதும். தேதி, நேரம், நீர் ஏறியிருந்ததா இறங்கியிருந்ததா என்ற குறிப்பு கட்டாயம் வேண்டும். அந்த நோட்டைப் பள்ளி அலமாரியில் வைத்திருந்தால், அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதை எடுத்துக்கொண்டு அதே கரைக்குப் போகலாம்.